பூஸ்டர் பாட்டிலும் புடலம்பந்தலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். மொட்டை மாடியில் நாலு பை வைத்திருப்பவர்களும், தோட்டத்தில் பந்தல் போட்டிருப்பவர்களும் மட்டும் அடுத்த பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். பச்சை நிறப் பாட்டில். "பூ பூஸ்டர். தெளித்த ஏழே நாளில் பெண் பூ. காய் மூன்று மடங்கு. 250 மில்லி 380 ரூபாய்." அதற்குக் கீழே நம் சொந்தக்காரர்கள் வரிசையாக "எனக்கு ஒண்ணு", "எனக்கு ரெண்டு" என்று எழுதினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதில் என்ன கலந்திருக்கு கண்ணு?" குழுவில் பதில் வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "அத்தை, ஏன் என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?"

அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்கிறேன். அவன் கோபித்தாலும் பரவாயில்லை. தூக்கி வளர்த்த பிள்ளைதான், தீபாவளிக்கு வந்துவிடுவான்.

நான் வேளாண்மை படித்தவள் இல்லை. இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி மட்டும்தான். முப்பத்து மூன்று வருஷம் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். "கொடிகள் பற்றுக்கம்பியின் உதவியால் ஏறும்" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கமே பாகல் பந்தல் இருந்தது. ஒரு நாள்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டவில்லை. அந்தக் கடன்தான் இப்போது என்னை எழுத வைக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது அவனுக்கே நாற்பது வயது தாண்டியிருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்பது சென்ட் குத்தகைக்குப் பிடித்து, போன ஆடிப்பட்டத்தில் புடலை போட்டான். புரட்டாசியில் ஒரு காலை வீட்டுக்கு வந்தான். மழை, சந்தை விலை என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "டீச்சர், ஒரு பதினஞ்சாயிரம் கிடைக்குமா? அடுத்த மாசம் குடுத்துர்றேன்" என்றான்.

"எதுக்குப்பா?"

"மூணாவது தடவை மருந்து அடிக்கணும். பழைய பாக்கியும் இருக்கு. அதைக் கட்டாம கடைக்காரர் குடுக்க மாட்டேங்கிறார்."

"முதல் ரெண்டு தடவை அடிச்சதுல என்ன ஆச்சு?"

தரையைப் பார்த்தான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாட்களில் எப்படிப் பார்ப்பானோ, அதே மாதிரி.

பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கூடவே போனேன். பகல் பதினோரு மணி. பந்தலுக்கு வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே போனால் சாயங்காலம் மாதிரி இருட்டு. மேலே இலை மேல் இலையாகக் கூரை வேய்ந்திருந்தது. அடியில் இருந்த இலையெல்லாம் மஞ்சள். ஒரு குழியில் ஐந்து விதை போட்டு, முளைத்த பிறகு நல்ல செடியாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். அவன் கலைக்கவே இல்லை. நாலும் ஐந்துமாக நின்றன. தரையிலிருந்து பந்தல் வரைக்கும் கணுவுக்குக் கணு பக்கக் கிளை. போதாததற்கு யூரியா. ஆண் பூ கொத்துக் கொத்தாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பெண் பூவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பந்தலில் இல்லாதது வெளிச்சம். அதை எந்தப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்று என் தம்பி மகன் சொல்லட்டும்.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

கொடியின் நுனிக் குருத்தில் ஆக்சின் என்கிற வளர்ச்சிப் பொருள் உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை, கணுக்களில் உள்ள பக்க மொட்டுகள் பெரும்பாலும் தூங்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் விழிக்கும். 1930-களிலேயே திமன், ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் எழவில்லை. 2014-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பட்டாணிச் செடியில் இன்னொன்றையும் கண்டார்கள். நுனியை வெட்டியதும், அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. முதலில் அவற்றை எழுப்புவது அந்தச் சர்க்கரைதான் என்றார்கள்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? வெயில் பட்ட இலையிலிருந்து. ஐந்தாம் வகுப்புப் பாடம்தான். நிழலில் கிடக்கும் இலை உணவு தயாரிப்பது குறைவு. பந்தலை இருட்டாக்கி வைத்துக்கொண்டு மேலே மருந்து அடிப்பது, பிள்ளைக்குச் சோறு போடாமல் பசி மருந்து கொடுப்பது மாதிரி.

எல்லாக் கொடியும் கிள்ளினால் காய்க்குமா? இங்கேதான் அடுத்த சண்டை. பாட்டில் விற்கிறவர்களை மட்டும் திட்டிவிட்டு "3ஜி கட்டிங்" வீடியோக்காரர்களை விட்டால் நியாயம் இல்லை.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முதல் தண்டு ஒரு தலைமுறை. அதன் நுனியைக் கிள்ளினால் வரும் பக்கக் கிளை இரண்டாம் தலைமுறை. அதையும் கிள்ளினால் மூன்றாவது. சுரை போன்ற கொடிகளில் முதல் தண்டில் ஆண் பூவே அதிகம் வரும், பக்கக் கிளைகளில்தான் பெண் பூ கூடும். ஆகவே சுரைக்கு இது பொருந்தும். ஆனால் வீடியோவில் சுரையைக் காட்டிவிட்டு "எல்லாச் செடிக்கும் செய்யலாம்" என்று முடிக்கிறார்கள். பசுமைக்குடிலுக்கென்று வரும் வெள்ளரி ரகங்கள் பல முதல் தண்டிலேயே கணுவுக்குக் கணு காய்ப்பவை. நான் அப்படி ஒரு விதையை ஆசையாக வாங்கி, ஐந்து இலை வந்ததும் வீடியோவைப் பார்த்துக் கழுத்தை நறுக்கினேன். காய்க்க வேண்டிய தண்டையே வெட்டிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். ஒற்றைத் தலை சூரியகாந்தியின் நுனியைக் கிள்ளினால் அந்தப் பெரிய பூவே போய்விடும். அதையும் ஒரு மாணவி செய்துவிட்டு எனக்குப் படம் அனுப்பி அழுதாள்.

கிள்ளுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. செடிமுருங்கை முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுவார்கள். நட்ட துவரையை இருபது முப்பது நாளில் கிள்ளுவார்கள். செண்டுமல்லியைக் கிள்ளுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் போய்ப் பாருங்கள். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் பகிர்ந்தீர்களே, அந்தத் திராட்சை முழுக்கப் பந்தல் பயிர். கவாத்து பண்ணாமல் அங்கே காய் கிடையாது. கவாத்து செய்த நாளிலிருந்துதான் அறுவடைக்கு நாள் எண்ணுகிறார்கள். எந்தக் கண்ணை விட்டு எதை வெட்டுவது என்று கத்தரி பிடித்த கைக்குத் தெரியும். அந்தக் கைகளுக்குக் கொடுக்கும் கூலியைக் கணக்குப் பார்க்கிறோம். பாட்டிலுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம்.

கனடாவில் இருக்கும் என் மாணவன் ஒருவன், நான் பந்தல் படம் போட்டதும் எழுதினான். "டீச்சர், இங்கே இதையே வீட்டுக்குள்ளே விளக்கு வெளிச்சத்துல கஞ்சாச் செடிக்குச் செய்றாங்க." சொந்தக்காரர்கள் பதற வேண்டாம். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அவன் இருக்கும் ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். இங்கே அது குற்றம், நான் புடலையோடு நிற்கிறேன். ஆனால் அவன் சொன்ன வேலை கவனிக்கத் தக்கது. செடிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு வலை கட்டுகிறார்கள். நுனியைக் கிள்ளி, எழும்பும் கிளைகளை ஒவ்வொரு கட்டமாக வலைக்குக் கீழே வளைத்துப் பரத்துகிறார்கள். எல்லா நுனியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. வலைக்குக் கீழே வெளிச்சம் படாமல் கிடக்கும் சின்னக் கிளைகளை எடுத்துவிடுகிறார்கள். செடியின் எண்ணிக்கைக்குத்தான் அளவு என்பதால், நாலு செடியிலேயே முழு இடத்தையும் நிரப்பப் பார்க்கிறார்கள்.

ஏன் ஒரே மட்டம்? விளக்கு பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு அடி, இரண்டு அடி தள்ளிப் போனாலே வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சூரியன் இருப்பது பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஒரு நுனி இரண்டு அடி உயரமாக இருந்தால் அதற்கு வெளிச்சம் கூடிவிடாது. நம் பந்தலில் கெடுதல் செய்வது ஒரு இலையின் நிழல் இன்னொரு இலை மேல் விழுவதும், காற்று நுழையாததும்தான். ஆகவே அவர்கள் வேலையை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். அதில் உள்ள அறிவை எடுத்துக்கொள்ளலாம். வலை கட்டுவது செடியைத் தாங்குவதற்கு மட்டும் இல்லை, வெளிச்சத்தைப் பங்கு போடுவதற்கும்தான்.

இனி, மாடித் தோட்டக்காரர்களுக்கு நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். புடலை, பீர்க்கன், பாகல், சுரை நான்குக்கும் பொது.

ஒன்று. விதை போடும் முன்பே பந்தலைக் கட்டிவிடுங்கள். கொடி வந்த பிறகு கொம்பு தேடினால் பற்றுக்கம்பி பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறடி உயரம், கை நுழையும் அளவு கண்ணுள்ள நைலான் வலை. பறிக்கும்போது கை போக வேண்டும் அல்லவா?

இரண்டு. ஒரு பைக்கு ஒரு செடி. மனசு வராதுதான். ஐந்து முளைத்தால் நாலைப் பிடுங்குங்கள்.

மூன்று. தரையிலிருந்து பந்தல் வரைக்கும் ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். வழியில் வரும் பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். அதன்பிறகு வரும் கிளைகளை ஆளுக்கு ஒரு திசையாகக் கையால் திருப்பி விடுங்கள். காலையில் தண்டில் நீர் ஏறி விறைப்பாக இருக்கும், ஒடிந்துவிடும். வெயில் ஏறிக் கொஞ்சம் துவண்ட பிறகு வளையுங்கள்.

நான்கு. பந்தல் நிறைந்த பிறகு வாரம் ஒரு முறை அடியில் நின்று மேலே பாருங்கள். தரையில் அங்கங்கே வெயில் பொட்டு விழ வேண்டும். விழவில்லையா, பழுத்த இலையையும் நோய் விழுந்த இலையையும் எடுங்கள். ஒரே நாளில் மொட்டை அடித்துவிடாதீர்கள்.

ஐந்து. பிஞ்சு பழுத்துப் பழுத்து உதிர்ந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். புடலையும் சுரையும் அந்தி நேரத்தில் மலரும், பாகல் விடியலில். மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வரவில்லை என்றால் நீங்கள்தான் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். இதற்கும் பாட்டில் வேண்டாம். சாயங்காலம் பத்து நிமிஷம் தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டு மாடிக்குப் போனால் போதும்.

"அப்போ மருந்தே வேண்டாம்னு சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பெண் பூவை அதிகமாக்க எத்தரல் தெளிக்கலாம் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஆனால் எப்போது? செடி இரண்டு இலை விட்ட பருவத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை, மிகக் குறைந்த அளவில். பூத்துக் குலுங்கும் பந்தலுக்குப் "பெண் பூ வரலை, இதை அடி" என்று கொடுப்பவருக்கு ஒன்று, விஷயம் தெரியவில்லை. இல்லாவிட்டால் தெரிந்தே கொடுக்கிறார். இரண்டில் எது என்று நான் சொல்ல மாட்டேன். என் மாணவனுக்குக் கொடுத்தது கொடி எழுபது நாள் ஆன பிறகு. பாட்டிலில் என்ன பொருள், எவ்வளவு சதவீதம் என்ற விவரமே இல்லை. ஒரு பெண் படமும் ஒரு புடலங்காய் படமும் இருந்தன.

அந்தப் பாட்டிலைக் கையுறையும் இல்லாமல், வாயில் துணியும் கட்டாமல் அவனும் அவன் மனைவியும் அடித்திருக்கிறார்கள். அந்தக் காயைத்தான் நீங்களும் நானும் சந்தையில் வாங்கி, பிஞ்சாக இருக்கிறது என்று மகிழ்ந்து கூட்டு வைத்திருப்போம். குடும்பக் குழுவில் ஒரு பாட்டில் விற்பது 380 ரூபாய் விஷயம் மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தோட்டத்தில் என்ன செய்தோம்? நான் பணம் கொடுக்கவில்லை. நாலு நாள் போனேன். குழிக்கு இரண்டு செடி விட்டு மற்றதை அடியில் மட்டும் நறுக்கினோம். மேலே பின்னிக் கிடப்பதை இழுத்தால் நல்ல கொடியும் சேர்ந்து கிழியும், அதனால் வாடவிட்டுப் பிறகு உதறினோம். தண்டின் அடிப்பக்கக் கிளைகளை எடுத்தோம். யூரியாவை நிறுத்தச் சொன்னேன். அவன் மனைவிதான் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எந்த நுனியைக் கிள்ளுவது, எதை விடுவது என்று இரண்டாம் நாளே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் புதுக் கிளைகளில் பெண் பூ தெரிந்தது. பிஞ்சு நீண்டதும் நேராக வரட்டும் என்று நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டார்கள். வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போனது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மடங்கெல்லாம் இல்லை. குத்தகைப் பணம் வந்தது. கடைப் பாக்கி பாதி இன்னும் நிற்கிறது. முதல் மாதத்திலேயே செய்திருந்தால் அந்தப் பாக்கியே வந்திருக்காது. கொடி எப்படிப் படர்கிறது என்று ஐந்தாம் வகுப்பில் இவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போயிருந்தால் என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

தைப்பட்டத்துக்கு அவன் மறுபடி விதைத்திருக்கிறான். இந்தத் தடவை குழிக்கு இரண்டு செடி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என் தம்பி மகனுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, உன் பொழப்பில் மண்ணைப் போட எனக்கு ஆசை இல்லை. அந்தக் கடையிலேயே நைலான் வலை விற்கலாம், கவாத்துக் கத்தரி விற்கலாம், பழ ஈக்குப் பொறி விற்கலாம். வாங்குகிறவர்களுக்கு எப்படிக் கிள்ளுவது என்று நீயே செய்து காட்டலாம். முதல் வலையை நான் வாங்குகிறேன், கடன் சொல்ல மாட்டேன். பூஸ்டரைத்தான் விற்பேன் என்றால், நான் குழுவில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல். அதில் என்ன கலந்திருக்கிறது?

மற்றவர்களுக்கு: முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை மேடை மேடையாகப் பேசுகிறோம். அந்தக் கொடி கேட்டது படர ஒரு கொழுகொம்புதான். தேரெல்லாம் நம்மிடம் இல்லை. நாலு கம்பும் ஒரு வலையும் இருக்கிறது. கட்டுங்கள்.

உங்கள் பந்தலை அடியில் நின்று மேலே பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வெயில் பொட்டு விழுந்திருக்கிறதா என்று நான் திருத்திச் சொல்கிறேன். சிவப்பு மை இன்னும் மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்